காளானைத் தரையோடு படமெடுங்கள்

(இயற்கை ஒளிப்பட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டுக் காளான்களை மேக்ரோ லென்ஸில் படமெடுப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி நேரமெல்லாம் அதற்கான காரணங்களையும் வழிகளையும் பேசலாம். காளானைப் படமெடுக்கும்போது அது முளைத்திருக்கும் தரையைப் படத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள். மட்குகிற இலை, உளுத்த கட்டை, புற்றுமண், சாணம், பாசி என எதன்மேல் அது நிற்கிறதோ அதற்கும் படத்தில் இடம் கொடுங்கள். காளானின் உடம்பு அங்கேதான் இருக்கிறது.

நாம் பார்க்கிற குடை ஓர் உயிரின் முழு உருவம் கிடையாது. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. பூஞ்சை என்ற அந்த மரம் முழுவதும் மண்ணுக்குள்ளும் கட்டைக்குள்ளும் இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அந்த இழைகளின் பருமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இழைகள் தங்களைச் சுற்றியுள்ள இலையையும் மரத்தையும் நொதிகளால் கரைத்து, கரைந்ததை உறிஞ்சி வளர்கின்றன. ஈரமும் குளிர்ச்சியும் சரியாக அமையும்போது, வித்துகளைப் பரப்புவதற்காக ஒரு குடையை மேலே அனுப்புகின்றன. சில நாள்களில், சில இனங்களில் சில மணி நேரத்தில், குடை அழிந்துவிடுகிறது. இழைகள் இருந்துகொண்டே இருக்கின்றன.

எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மால்ஹியூர் தேசியக் காடு இருக்கிறது. அங்கே ஆர்மில்லேரியா பேரினத்தைச் சேர்ந்த ஒரே பூஞ்சை 9 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தின் அடியில் பரவியிருக்கிறது என்று மரபணுச் சோதனைகள் காட்டின. உலகின் மிகப் பெரிய உயிர்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்தக் காட்டுக்குள் போகிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மரத்தடியில் கொத்துக் கொத்தாக நிற்கும் தேன் நிறக் காளான்கள் மட்டும்தான். இவ்வளவு பெரிய உயிரின் மிகச் சிறிய பகுதியைத்தான் நாம் படமாக்குகிறோம் என்ற நினைப்பு, லென்ஸைக் கையில் எடுக்கும்போதே நமக்கு இருக்க வேண்டும்.

பூஞ்சைகள் தாவரம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டவை. 1969ல் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகம் ஒன்றைக் கொடுத்தார். அவற்றின் செல்சுவரில் இருப்பது கைட்டின். நண்டின் ஓட்டிலும் வண்டின் மேல்தோலிலும் இருக்கும் அதே பொருள். உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று 2017ல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ராபர்ட் லூக்கிங்கும் மதிப்பிட்டார்கள். இதுவரை பெயர் சூட்டப்பட்டவை சுமார் ஒன்றரை லட்சம். இந்த இடைவெளியில்தான் உங்கள் கேமராவுக்கு வேலை இருக்கிறது.

ஏன் கேமரா? ஆய்வாளர்கள் காளானை உலர்த்தித்தான் சேகரிப்பில் வைக்க முடியும். உலர்ந்ததும் அது சுருங்குகிறது. நிறம் மங்குகிறது. குடைமேல் இருந்த வழவழப்பு போய்விடுகிறது. தொட்டால் நீலமாக மாறும் சதை, அடித்தண்டில் இருந்த மெல்லிய உறை, வெட்டினால் கசியும் பால் எல்லாம் பச்சையாக இருக்கும்போது மட்டும் தெரிபவை. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் டி.எஸ். சதாசிவன், சி.வி. சுப்பிரமணியன் போன்றவர்கள் பூஞ்சையியலை உலக அளவில் மதிக்கத்தக்க துறையாக வளர்த்தார்கள். பின்னர் அங்கேயே கே. நடராஜனும் அவர் மாணவர்களும் தென்னிந்தியக் குடைக்காளான்களை வரிசையாக விவரித்தார்கள். அப்படிப்பட்ட பணிக்கு, பறிப்பதற்கு முன்பு எடுத்த ஒரு நல்ல படம் பெரிய துணை.

கேமராவுக்கு முன்பு இந்த வேலையைத் தூரிகை செய்தது. பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கதைகளுக்கு முன்பே அவர் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் காளான்களைத் தேடித் தேடி நீர்வண்ணத்தில் வரைந்தார். குடையின் மேல்புறம், அடியில் உள்ள செவுள்கள், நெடுக்காக வெட்டிய தோற்றம் என ஒரே இனத்தைப் பல கோணங்களில் பதிவு செய்தார். நுண்ணோக்கியில் வித்து முளைப்பதையும் பார்த்தார். 1897ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அவருடைய கட்டுரை தாக்கல் செய்யப்பட்டது. பெண்கள் அந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ள அப்போது அனுமதி இல்லை என்பதால் வேறொருவர்தான் அதை முன்வைத்தார். நூறு ஆண்டு கழித்து 1997ல் அந்தச் சங்கம் அவருக்கு இழைத்த அநீதியை ஒப்புக்கொண்டது. ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த காளான் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அழகும் துல்லியமும் ஒரே தாளில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அவை சான்று. மேக்ரோ படமெடுக்கிற நாம் வாரிசாக நிற்பது அந்த மரபுக்குத்தான்.

இப்போது லென்ஸுக்கு வருவோம்.

மேக்ரோ என்று முறையாகச் சொல்வது, பொருளின் உண்மையான அளவே சென்சாரில் விழும் நிலையை. ஒரு சென்டிமீட்டர் குடை, சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும். ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். இந்த நிலையில் முதலில் நம்மை மிரட்டுவது ஃபோகஸ். முழு அளவு சென்சார் கேமராவில், ஒன்றுக்கு ஒன்று நெருக்கத்தில், எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிமீட்டர். குடையின் முன்விளிம்பு தெளிவாக இருந்தால் தண்டு மங்கிவிடும். தண்டைப் பிடித்தால் விளிம்பு கரைந்துவிடும். அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 22க்குப் போகலாமே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸில் குறித்திருக்கும் எண்ணைப்போல இரண்டு மடங்காகத்தான் அப்பர்ச்சர் வேலை செய்கிறது. எஃப் 22 என்பது நடைமுறையில் எஃப் 44. அவ்வளவு சிறிய துளை வழியே போகும் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மெல்ல மழுங்கிவிடும். ஆழத்தை வாங்கப் போய்க் கூர்மையை இழக்கிறோம்.

அதனால்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்ற முறையை இன்று பலரும் பயன்படுத்துகிறோம். எஃப் 5.6 அல்லது எஃப் 8ல் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறோம். ஹெலிக்கான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை எடுத்து ஒரே படமாகச் சேர்த்துவிடும். இப்போது பல கேமராக்களே தாமாக ஃபோகஸை நகர்த்திக்கொள்கின்றன. பறவை பறந்துவிடும், பட்டாம்பூச்சி இடம் மாறிவிடும், காளான் அங்கேயே நிற்கும் என்பதால் ஸ்டாக்கிங்குக்கு இதைவிட ஏற்ற பொருள் காட்டில் கிடையாது. ஆனாலும் காற்று வீசினால் நூல் போன்ற தண்டு ஆடும். குடைமேல் ஊர்ந்து போகும் சிறு பூச்சி ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். ட்ரைபாட் தரையோடு தரையாகப் படியும் வகையாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவைப் பதித்துக்கொள்ளலாம். கையால் ஷட்டரை அழுத்தாமல் ரிமோட்டிலோ இரண்டு வினாடி டைமரிலோ எடுங்கள்.

இங்கேதான் தரையைப் பற்றிய கேள்வி எழுகிறது. ஸ்டாக்கிங் செய்யும்போது எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? பெரும்பாலோர் குடையின் முன்விளிம்பில் தொடங்கிப் பின்விளிம்பில் நிறுத்திவிடுகிறார்கள். காளான் தெளிவாக நிற்கும்; சுற்றிலும் எல்லாம் பனிமூட்டமாகிவிடும். இன்னும் சில படங்கள் சேர்த்து எடுங்கள் என்பது என் வேண்டுகோள். தண்டு இலைக்குள் நுழையும் இடம் தெளிவாக வரட்டும். அந்த இலையின் நரம்பு தெரியட்டும். அதற்கு அப்பால் பின்னணி மங்கிப் போகட்டும். அழகுக்கு அது போதும்.

ஒளியைப் பற்றியும் இதே வகையில் யோசிக்க வேண்டும். சோலைக்காட்டுத் தரையில் வெளிச்சம் குறைவு. மேகம் சூழ்ந்த நாளின் மென்மையான ஒளிதான் காளானுக்கு மிக நல்ல ஒளி. நேர் ஃபிளாஷ் அடித்தால் ஈரக் குடைமேல் வெள்ளைத் திட்டு விழுந்து நிறம் செத்துவிடும். சிறிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை வெண்ணெய்த்தாளில் சுற்றிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எதிர்ப்புறத்தில் சமையலறை அலுமினியத்தாள் ஒட்டிய அட்டைத் துண்டு ஒன்றை வையுங்கள். செவுள்களுக்குள் இருட்டு விலகும். ஈர இலைகளின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் வடிகட்டி உதவும். ஆனால் பின்னணியை முழுக்க இருட்டாக்கி, பின்னாலிருந்து ஒளி கொடுத்து, கருப்பு நடுவில் மிதக்கும் ஒளிக்குடையாகக் காட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. பார்க்க மயக்கும் படம்தான். எந்த ஊர், எந்தக் காடு, எந்த மரத்தடி என்று எதுவும் அதில் இருப்பதில்லை.

பின்னொளியை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். 2023ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், தாவரங்கள், பூஞ்சைகள் பிரிவில் கிரேக்க நாட்டின் அகோராஸ்டோஸ் பபட்சானிஸ் பரிசு பெற்றார். ஒலிம்பஸ் மலைக்காட்டில் ஒரு குடைக்காளான் வித்துகளைப் புகையாக வெளியிடும் தருணம் அது. அந்தப் படத்தில் பின்னொளி, காளான் செய்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டுகிறது.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கனடாவின் வின்னிபெக் நகரில் பணியாற்றிய ரெஜினால்ட் புல்லர் 1909 முதல் இதைப் பற்றிப் பெரிய நூல்வரிசையே எழுதினார். செவுளின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வித்தின் அடியிலும் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள்கிறது. அது வித்தின் மேலுள்ள ஈரப்படலத்தோடு சட்டென்று சேரும்போது ஏற்படும் உந்துதலில் வித்து பக்கவாட்டில் எகிறுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரம்தான். எதிர்ச்சுவரில் மோதாமல், இரண்டு செவுள்களுக்கும் நடுவில் நின்று, நேராகக் கீழே விழுவதற்கு அந்தத் தூரம் போதும். இந்தத் துளிக்கு இன்றும் புல்லர் துளி என்றுதான் பெயர். செவுளுக்கு அடியில் வந்ததும் அடுத்த கட்டம். குடையிலிருந்து நீர் ஆவியாவதால் அடியிலுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பக்கவாட்டில் வழிகிறது. காற்றே வீசாத இடத்திலும் வித்துகள் அதில் ஏறி வெளியே போய்விடுகின்றன. 2016ல் வெளியான எமிலி டிரெசேர், மார்கஸ் ரோப்பர் குழுவினரின் ஆய்வு இதை விளக்கியது. அப்படியானால் குடைக்கும் தரைக்கும் இடையே உள்ள அந்த ஒரு விரற்கடை வெளிதான் காளானின் களம். அந்த வெளியைப் படத்தில் விடாமல் பிடிக்க வேண்டாமா?

சரி, தரையில் அமர்ந்து பார்ப்போம். வால்பாறைப் பக்கமோ நீலகிரிச் சோலையோ, தென்மேற்குப் பருவமழை ஒரு வாரம் பிடித்து ஓய்ந்த காலை. மேலாக உதிர்ந்த இலைகள் பழுப்பாக முழு வடிவத்தோடு கிடக்கும். அவற்றுக்கு அடியில் சதை கரைந்து நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அதற்கும் அடியில் கருத்த மக்கு. ஓர் இலையின் நடுநரம்பிலிருந்து கருங்கூந்தல் இழை ஒன்று எழுந்து நிற்கும். அதன் உச்சியில் பொத்தான் அளவுக்கும் சிறிய ஒரு குடை. மராஸ்மியஸ் வகைக் காளான். மேக்ரோ லென்ஸில் பார்த்தால் குடையின் மேற்பரப்பு ஆரமாகப் பள்ளம் விழுந்து மடிந்திருப்பது தெரியும். அடியில் செவுள்கள் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும். தண்டு இலையைத் தொடும் இடத்தைப் பெரிதாக்குங்கள். அங்கே இலை மற்ற இடங்களைவிட வெளிறியிருக்கும். பழுப்பு நிறம் நீங்கி வெள்ளையாகத் தெரியும் அந்தத் திட்டுதான் பூஞ்சை சாப்பிட்ட இடம். மரத்துக்கும் இலைக்கும் விறைப்பையும் பழுப்பு நிறத்தையும் தரும் லிக்னினைச் சிதைக்கக்கூடிய உயிர்கள் மிகச் சில. அவற்றில் இவை முன்னணியில் நிற்பவை. அந்த வெளிறல் படத்தில் விழுந்தால், காடு தன் சருகுகளை மீண்டும் மண்ணாக்கும் வேலையின் நேரடிச் சான்று உங்களிடம் இருக்கிறது. இலையைக் கத்தரித்துவிட்டுக் குடையை மட்டும் எடுத்தால் ஓர் அழகான பொத்தான் மட்டும் மிஞ்சும்.

அதே தரையில் உளுத்த குச்சிமேல் பறவைக்கூட்டுக் காளான் கிடைக்கும். சயாத்தஸ் என்பது அறிவியல் பெயர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கிண்ணம். உள்ளே தட்டையான சாம்பல் நிற முட்டைகள் சில. முட்டை என்று நாம் பார்ப்பது வித்துகள் அடங்கிய உறை. மழைத்துளி, குறிப்பாக மர இலை நுனியில் திரண்டு விழும் பெரிய துளி, கிண்ணத்துக்குள் விழும் வேகத்தில் அந்த உறைகள் வெளியே தெறிக்கின்றன. ஒரு மீட்டர் தூரம்வரைகூடப் போகும். போகும் வழியில் ஒரு பசைநூல் விரிந்து எதிர்ப்படும் இலையிலோ குச்சியிலோ சுற்றிக்கொள்ளும். கிண்ணத்தை நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்ததோடு எழுந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தெறித்துப் போய் ஒட்டிய உறை எங்காவது இருக்கும். கிண்ணமும் அந்த உறையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுத்த படம், பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குச் சமம்.

புற்றுக்காளானைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. நம் கிராமங்களில் இடி இடித்த மறுநாள் புற்றைச் சுற்றித் தேடி எடுத்துச் சமைக்கும் அந்தக் காளான், டெர்மிட்டோமைசெஸ் பேரினத்தைச் சேர்ந்தது. கறையான்கள் புற்றுக்குள் தங்கள் எச்சத்தால் பஞ்சு போன்ற தோட்டங்கள் கட்டி அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை செரித்துக் கொடுத்ததைக் கறையான்கள் தின்கின்றன. இந்த வேளாண்மை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று கணிக்கிறார்கள். மனிதர்களால் இன்றுவரை இதைச் சிப்பிக்காளான் போலப் பண்ணையில் வளர்க்க முடியவில்லை. மழைக்குப் பின் இந்தப் பூஞ்சை புற்றின் ஆழத்திலிருந்து வேர் போன்ற நீண்ட அடித்தண்டை மேலே அனுப்பி, கூரான நுனியால் மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிறது. குடையின் நடுவில் உள்ள அந்தக் கூர்ப்பும், அது பிளந்த மண்ணின் விரிசலும், விரிசலில் எட்டிப் பார்க்கும் கறையானும் சேர்ந்து வந்தால்தான் அது புற்றுக்காளானின் படம்.

தரையை வெட்டினால் என்ன இழப்போம் என்பதற்குக் கொடைக்கானலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே பைன் தோப்புகளில் மழைக்காலத்தில் செக்கச் சிவந்த குடையில் வெள்ளைப் பொட்டுகள் வைத்த காளானைப் பார்க்கலாம். அமானிட்டா மஸ்காரியா. உலகிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட காளான்களில் அது ஒன்று, நச்சுக்காளானும்கூட. பலரும் அதை மேற்குத் தொடர்ச்சி மலையின் செல்வம் என்று தலைப்பிட்டுப் பகிர்கிறார்கள். அது இந்த மலையின் பூர்வகுடி கிடையாது. வடகோளத்தின் குளிர்நாடுகளில் பைன், பிர்ச் மரங்களின் வேரோடு கூடி வாழும் பூஞ்சை அது. வேர்நுனியை உறையாகப் போர்த்தி, மண்ணின் நீரையும் தாது உப்புகளையும் மரத்துக்குக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. அந்த மரங்கள் இல்லாமல் அதற்கு இங்கே வாழ்வில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைன் மரங்களை இம்மலைகளில் நட்டதால்தான் அது இங்கே நிலைத்தது.

பக்கத்திலேயே இருக்கும் சோலைக்குள் நுழையுங்கள். அங்கே உள்ள நாவல் இன மரங்களும் லவங்க இன மரங்களும் பெரும்பாலும் வேறு வகைப் பூஞ்சைகளோடு வேருறவு வைத்திருப்பவை. அந்தப் பூஞ்சைகள் குடை விடுவதே இல்லை. அதனால் சோலைத் தரையில் நம் கண்ணில் படும் காளான்களில் பெரும்பாலானவை இலையையும் கட்டையையும் மட்கச் செய்பவை. இரண்டு காடுகள், ஒரு சாலை இடைவெளி, முற்றிலும் வேறான இரண்டு காளான் கூட்டங்கள். சிவப்புக் குடையின் அடியில் பைன் ஊசிகள் கிடப்பது படத்தில் இருந்தால், பார்க்கிற தாவரவியலாளர் ஒரு நொடியில் எல்லாவற்றையும் படித்துவிடுவார். ஊசிகளை ஒதுக்கித் துடைத்துவிட்டுப் பச்சைப் பாசியை எடுத்து வைத்து அலங்கரித்த படம், அந்த மலையில் நூறாண்டுகளில் நடந்த மாற்றத்தையே மறைத்துவிடுகிறது. பொய்யான படமாகவும் ஆகிவிடுகிறது.

தரையைக் காட்ட வேண்டும் என்பது இரவில் ஒளிரும் காளான்களுக்கும் பொருந்தும். உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிரும் பூஞ்சை இனங்கள் தெரிந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் இவற்றைப் பார்க்கலாம். 2020ல் மேகாலயாவிலிருந்து ரோரிடோமைசெஸ் இனம் ஒன்றைப் புதிதாக விவரித்தார்கள். காய்ந்த மூங்கிலில் வளரும் அதன் தண்டு மட்டும் பச்சையாக ஒளிர்கிறது, குடை ஒளிர்வதில்லை. அங்கே அப்படி ஒரு காளான் உண்டு என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னவர்கள் உள்ளூர் மக்கள். ஒளிரும் மூங்கில் குச்சிகளை இரவில் வழிகாட்டும் விளக்காகப் பயன்படுத்தி வந்தவர்கள். இத்தகைய காளானை எடுக்க ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் ஏற்றி, அப்பர்ச்சரை நன்றாகத் திறந்து, அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அதே கேமராவை அசைக்காமல், மங்கிய டார்ச் ஒளியில் இன்னொரு படமும் எடுத்துவிடுங்கள். முதல் படம் ஒளியைக் காட்டும். எந்தக் கட்டையில் அது ஒளிர்ந்தது என்பதை இரண்டாவது படம் காட்டும்.

களத்தில் நான் பின்பற்றும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் நின்ற நிலையிலேயே சுற்றுப்புறம் முழுவதும் தெரியும்படி ஒரு படம். எந்த மரத்தடி, எவ்வளவு வெளிச்சம் என்பது அதில் பதியும். அடுத்து, தரை மட்டத்துக்கு இறங்கி, காளானும் அது நிற்கும் பொருளும் தெரியும் படம். பிறகுதான் குடையின் மேற்புறம், செவுள், தண்டு, தண்டின் அடி ஆகியவற்றின் நெருக்கப் படங்கள். செவுளைப் பார்க்கப் பறிக்க வேண்டியதில்லை. சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைக் குடைக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் போதும். அளவு தெரிய ஒரு படத்தில் மட்டும் சிறு அளவுகோலை வையுங்கள். நாள், இடம், கடல்மட்ட உயரம், வாசனை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாசனையை எந்த லென்ஸும் பிடிக்காது. சோம்பு, மீன், ஈர மாவு என வாசனையே அடையாளமாகும் இனங்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் பல காளான்களுக்குப் படத்தை வைத்து மட்டும் பெயர் சொல்ல முடியாது. வித்துகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். சில சமயம் மரபணுவரை போக வேண்டியிருக்கும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்து, சாப்பிடலாமா என்று யாராவது கேட்டால் சாப்பிடலாம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அமானிட்டா இனங்கள் சிலவற்றில் உள்ள அமாடாக்சின் சமைத்தாலும் அழிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். நடுவில் குணமானதுபோல ஒரு நாள் தோன்றும். அதற்குள் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். ஓர் உயிரின் பொறுப்பை ஒரு படத்தின்மேல் ஏற்றக் கூடாது.

காட்டிடம் நாம் நடந்துகொள்ளும் முறையும் இந்தக் கலையின் ஒரு பகுதி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தரையில் படுத்து லென்ஸுக்குள் மூழ்கியிருப்பவருக்கு யானை வருவதோ காட்டெருமை நிற்பதோ தெரியாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். முழங்கால் ஊன்றுவதற்கு முன் அந்த இடத்தில் சிறு காளான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டையைப் புரட்டினால் மீண்டும் அப்படியே வைத்துவிடுங்கள். அதன் அடியில் பலருடைய வீடு இருக்கிறது. லென்ஸை மறைக்கும் ஒற்றைப் புல்லைப் பிடுங்காமல் மெல்ல வளைத்துப் பிடித்து, எடுத்து முடித்ததும் விட்டுவிடலாம். ஓரிடத்தில் முளைத்த காளானைப் பிடுங்கி இன்னொரு அழகான கட்டைமேல் நட்டுப் படமெடுப்பதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

விலையுயர்ந்த லென்ஸ் இல்லாத நண்பர்கள் தயங்க வேண்டாம். இன்றைய செல்பேசிகள் பலவற்றில் அகலக்கோண லென்ஸே மேக்ரோவாகவும் வேலை செய்கிறது. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகும். சென்சார் சிறியதாக இருப்பதால் ஆழமும் அதிகம் கிடைக்கும். காளானைப் பெரிதாகவும் அதன் பின்னால் காட்டையும் ஒருசேரக் காட்டுவதில் அது பெரிய லென்ஸையே வென்றுவிடும். நான் கேட்கும் படத்துக்கு அதுவே தோதான கருவி.

மலைக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் தெருவில் பட்டுப்போன மாங்கிளையிலோ விறகுக் கட்டிலோ ஸ்கைஸோஃபில்லம் கம்யூன் இருக்கும். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உள்ள சிறு வெள்ளை விசிறி அது. அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு செவுளும் நெடுக்காக இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் காயும்போது பிளவின் இரு பக்கமும் வெளிப்புறமாகச் சுருண்டு, வித்து தரும் பரப்பை மூடிக் காத்துக்கொள்ளும். மழை பட்டதும் மீண்டும் நிமிர்ந்து வித்து தரத் தொடங்கும். காய்ந்த நாளில் ஒரு படம், மழை நாளில் அதே இடத்தில் ஒரு படம் எடுத்து அருகருகே வையுங்கள். ஓர் உயிர் வறட்சியைச் சமாளிக்கும் விதத்தை உங்கள் வீட்டு வாசலிலேயே பதிவு செய்துவிடுவீர்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 2021ல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் இனப் பாதுகாப்பு ஆணையம், விலங்கு, தாவரம் என்று சொல்லும் இடமெல்லாம் பூஞ்சையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அறிவித்தது. அந்த ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மதிப்பிடப்பட்ட பூஞ்சை இனங்களின் எண்ணிக்கை 2025ல்தான் ஆயிரத்தைத் தாண்டியது. பறவைகளையும் பாலூட்டிகளையும் பற்றி நமக்கு இருக்கும் தகவலோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். எந்தக் காளான் எங்கே, எந்தப் பருவத்தில், எதன்மேல் வளர்கிறது என்று தெரியாமல் எதையும் பாதுகாக்க முடியாது. எங்கே என்பதையும் எப்போது என்பதையும் கேமராவும் உங்கள் குறிப்பேடும் சொல்லிவிடும். எதன்மேல் என்பதை நீங்கள்தான் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

இந்த மழைக்காலத்தில் ஆளுக்கு ஒரு கட்டையையோ ஒரு மரத்தடியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முடியும்வரை வாரம் ஒருமுறை அதே இடத்துக்குப் போங்கள். முளைத்ததையும் முளைக்காததையும் எழுதுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் போன்ற பொதுவெளிகளில் குறிப்புகளோடு ஏற்றுங்கள். பருவம் முடிந்ததும் இதே அரங்கில் கூடி, அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஒருவருடைய ஒரு படத்தில் தெரியாத ஒழுங்கு, பலருடைய படங்கள் சேரும்போது தெரியவரும். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு படத்திலும் முதலில் தரையைத்தான் தேடுவேன்.